செம்பூரில் அறை தேடி வந்தவர்கள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு அறை காலியாக இருந்ததாம். அதைப் பார்க்க ஏழு கடலுக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம். வீட்டுத் தரகுத் தொழிலை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

என் தாத்தா சொன்ன கதைகளில் ஏழு கடல் தாண்டி வரும் ராஜகுமாரன், வந்த கையோடு அரக்கனோடு சண்டை போடுவான். செம்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவனோ, "குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்?" என்று கேட்பான். அதற்காக இவனை நான் குறைத்து மதித்ததில்லை. அரக்கனை ஒரு தடவை கொன்றால் போதும். பம்பாய்க் குழாயோடு தினமும் போராட வேண்டும். வாடகைக்கு வீடு தேடிச் செருப்புத் தேய்ந்தவர்களே, வீடு காட்டிக் காட்டித் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

கேட்கக் கூடாத கேள்வி

எனக்கு வேலை கொடுத்தவர் சாகுல் பாய். மேலப்பாளையத்துக்காரர். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையின் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார், அதுதான் ஆபீஸ். திலக் நகர், கோவண்டி, மாட்டுங்கா என்று எங்கே அறை காலியானாலும் அவர் காதுக்கு வந்துவிடும். ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அறையைக் காட்டுவது என் வேலை.

எனக்குக் குரல் கொஞ்சம் சன்னம். முதல் வாரம் நான் ஒருவருக்கு அறை காட்டுவதைப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "ஏலே, நீ வீடு காட்டுதியா, இல்ல வீட்டுக்குள்ள பாம்பு கெடக்குன்னு ரகசியம் சொல்லுதியா?" என்றார். அதையாவது மன்னித்துவிட்டார். அவர் மன்னிக்காதது இன்னொரு பழக்கத்தை. வருகிறவர்களிடமெல்லாம், "எந்த ஊர், ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டுவிடுவேன். கதை கேட்டு வளர்ந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "ஏன் வந்தீருன்னு மட்டும் ஒருத்தன்கிட்டயும் கேக்காதலே. கேட்டா கதை சொல்லுவான். கதையைக் கேட்டா உனக்குக் கண்ணு கலங்கும். கண்ணு கலங்கினவன் எப்படிலே அட்வான்ஸ் பேசுவான்?"

ரங்கூன்காரர்

பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு காலை மாணிக்கம் என்பவர் வந்தார். முப்பது வயது இருக்கும். ரங்கூனிலேயே பிறந்தவர், தையல் மிஷின் ரிப்பேர் அவர் தொழில். தாராவியில் தையல் கடைகளுக்குப் பஞ்சமா? வந்த மறுநாளே வேலை கிடைத்துவிட்டது. அறைதான் கிடைக்கவில்லை. அவர் படுத்திருந்தது திருநெல்வேலிப் பையன்கள் முறை வைத்துத் தூங்கும் ஒரு கூடத்தில். மனைவியும் மூன்று வயதுப் பெண்ணும் மெட்ராஸ் பக்கம் அகதி முகாமில் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முகாமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அதற்குள் அறை வேண்டும். மனைவி பர்மாக்காரி, பெயர் மா சேன். நம் பாஷை தெரியாது.

கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தேன். திலக் நகர் திரும்புவதற்குள் கேட்டுவிட்டேன். "அப்பா ஊருக்கே போயிருக்கலாமே அண்ணாச்சி, இங்கே ஏன்?"

அவர் நின்றார். "போனேன் தம்பி. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். யாரு மகன், எந்த வகையறா, எந்தத் தெருன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை. ரங்கூன்ல எங்க தெருவுல பாதிப் பேரு வெளியூர்க்காரங்க. யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஊருதான் எனக்குச் சொந்த ஊரு. அது எங்கே இருக்குன்னு முகாம்ல விசாரிச்சேன். பம்பாய்னு சொன்னாங்க."

ஒழுகும் அறை

மழைக்காலத்தில் ஒழுகும் அறையைக் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆனால் அந்த ஆடி மாதத்தில் கையில் இருந்ததே அந்த ஒரு அறைதான். மாணிக்கத்திடம் காட்டினேன், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றார், நியாயம். அடுத்து வந்தவன் ருஸ்தம் என்ற பாரசீக வாலிபன். மாட்டுங்காவில் அவன் மாமா நடத்தும் டீ ஹோட்டலில் வேலைக்கு வந்திருந்தான். இரவில் அங்கேயே மேஜை மேல் படுத்திருந்தவனுக்குத் தனியாக ஓர் அறை வேண்டுமாம்.

கதவைத் திறந்தேன். நடு அறையில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வைத்த தகர வாளி நிரம்பி வழிந்திருந்தது. வழக்கமான பொய்யைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் உள்ளே போய் அந்தச் சொட்டுக்கு நேராக உள்ளங்கையை நீட்டினான். கை நிறைந்ததும் முகத்தில் பூசிக்கொண்டான்.

அவன் ஊர் பாலைவனத்தின் ஓரமாம். மலையடிவாரத்திலிருந்து பூமிக்கு அடியில் வெகுதூரம் சுரங்கம் வெட்டி, அதன் வழியாகத் தண்ணீரை ஊருக்கு அழைத்து வருவார்களாம். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை உண்டாம். அவன் அப்பாவுக்கு அந்தச் சுரங்கத்தில் இறங்கி மண் வாரும் வேலை. உடைந்த இந்தியில் இதையெல்லாம் சொல்லிவிட்டு மேலே கூரை ஓட்டைப் பார்த்தான். கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல இருந்தது. "எங்க அப்பா ஆயுசு முழுக்க மண்ணுக்குள்ளே இறங்கித் தேடினதை இங்கே மேலேருந்து சும்மா கொட்டுறாங்க. இந்த ஊரை விட்டு யார் போவாங்க?"

அமைதியான இடம்

செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். டிராம்பே பக்கம் ஏதோ தொழிற்சாலையில் மிஷின் பூட்டும் வேலை. பெயர் யான். கம்பெனி கொடுத்த பங்களாவை விட்டுவிட்டு வெளியே அறை பார்க்க வந்தார். அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஒரே அளவுதான் தெரியும். அதனால் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

வெள்ளைக்காரருக்கு அமைதி பிடிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். செம்பூரிலேயே ஈ பறந்தால் கேட்கும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். சுவரில் காதை வைத்துக் கேட்டார். "பக்கத்தில் யாரும் இல்லையா?" என்றார். "ஒருவரும் இல்லை சார்" என்று பெருமையாகச் சொன்னேன். விறுவிறு என்று வெளியே வந்துவிட்டார். திரும்பும் வழியில் ஒரு மூன்று மாடிச் சால், வரிசை வரிசையாக ஒற்றை அறைக் குடித்தனங்கள். வாசல் வராந்தா முழுக்கப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் மசாலா இடிக்கிறார்கள், ஒரு வீட்டில் ரேடியோ அலறுகிறது, மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் மராத்தியில் சண்டை. மனிதர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

உலக யுத்தக் காலத்தில் அவர் சிறு பையனாம். அம்மாவோடு எங்கோ ஒளிந்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தால், ஊரில் ஒருவரும் இல்லையாம். அடுப்புகள் இருந்தன, கட்டில்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. அன்றிலிருந்து அமைதி என்றால் பயம் என்றார். அந்தப் படியில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இத்தனை நாள் இரைச்சல் என்று நினைத்து நான் முகம் சுளித்த ஊரை, முதல் தடவையாக அவர் காதால் கேட்டேன். மேல் மாடியில் ஒரு கிழவர் இருமினார். யான் முகம் மலர்ந்தது. "இங்கே எப்போதும் யாராவது இருமிக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப நல்ல வீடு."

உண்மை பேசுகிற வாடகைக்காரர்

ருஸ்தமுக்கு அறை கிடைத்துவிட்டது. யானுக்கும் அந்தச் சாலிலேயே கிடைத்துவிட்டது. மாணிக்கத்துக்குத்தான் வாய்க்கவில்லை. காரணம் எளிது. கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னார்.

மாட்டுங்காவில் ஓர் ஐயர் மாமா வீடு. நல்ல மனிதர். மோர் கொடுத்தார். "உங்க சம்சாரம் எந்த ஊர்?" என்றார். "மோல்மேன்" என்றார் மாணிக்கம். "கும்பகோணத்துக்குக் கிட்டக்கயா?" "கடலுக்கு அந்தாண்டை, ஐயா." மாமா யோசித்தார். "கருவாடு கிருவாடு உண்டோ?" "கருவாடு இல்லீங்க. மீனை உப்புப் போட்டு இடிச்சு, மாசக்கணக்கா ஊறவச்சு ஒரு விழுது பண்ணுவா. அது இல்லாம அவளுக்குச் சோறு இறங்காது." மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மோர் டம்ளரைத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கோவண்டியில் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர். மீனும் கருவாடும் அவருக்குப் பிரச்சினையில்லை. "பொம்பளைக்குத் தமிழ் தெரியாதா? இந்தி? அதுவும் தெரியாதா?" என்று கன்னத்தில் கை வைத்தார்.

திரும்பும்போது சொன்னேன்: "அண்ணாச்சி, சம்சாரம் தஞ்சாவூர், கொஞ்சம் ஊமைன்னு சொல்லிருங்க. உள்ளே வந்தப்புறம் பார்த்துக்கலாம்." அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "கப்பல் ஏறயில கடை, மிஷினு, அவ கழுத்து நகை எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டு வந்தோம் தம்பி. எங்கூட வந்தது அவளும் அவ சமையலும்தான். அதையும் ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களே!" கோவண்டி ஆச்சி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அதைக் கேட்டபோது மாணிக்கமே சிரித்துவிட்டார். "பேசத் தெரியாதவ குழாயடியில எப்படிய்யா சண்டை போடுவா? அவளுக்கும் சேத்து நாந்தான் போடணும். எனக்கு வயசாயிட்டுல்லா!"

தாதர் ஸ்டேஷனில் ஒரு பகல்

மாதம் முடிந்தது. அறை கிடைக்கவில்லை. முகாமில் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். மா சேன் குழந்தையோடு ரயிலேறி வந்தே விட்டாள். பையன்கள் தூங்கும் கூடத்துக்கு அவளை எப்படிக் கூட்டிப்போவது? தாதர் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்காரவைத்துவிட்டு மாணிக்கம் எங்கள் ஆபீசுக்கு ஓடி வந்தார். சாகுல் பாய் முதல் தடவையாகக் கணக்குப் பேசாமல், "போலே, போய்ப் பாரு" என்று என்னை அனுப்பினார்.

பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, இரண்டு கன்னத்திலும் சந்தனம் போல ஏதோ மரத்தை அரைத்துப் பூசியிருந்தாள். தகரப் பெட்டி மேல் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. அந்த அம்மாள் ஒரு கடல் தாண்டி, ஒரு தேசத்தைக் குறுக்கே கடந்து, ஒரு வார்த்தையும் புரியாத ஊரில் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் வாய் பிளந்து நின்றேன். நான் தாராவிக்கு வந்த முதல் நாள் திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் விசாரித்தேன்.

அங்கே காவலுக்கு ஒரு மராத்திக்கார அம்மாள். டிக்கெட் நேரம் தாண்டியவர்களை விரட்டுவது அவர் வேலை. இவளை விரட்டவில்லை, குழந்தைக்கு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார். என்னைத் தனியே அழைத்து இந்தியில் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் இவள் என் தங்கச்சி. அப்புறம் வேற ஒருத்தி டியூட்டிக்கு வருவா. அவளுக்குத் தங்கச்சி கிடையாது."

கராச்சிக்காரம்மா

எங்கள் கையில் இன்னும் ஓர் அறை இருந்தது. இருந்தும் இல்லாத அறை அது. செம்பூர் காம்ப் பக்கம் ஒரு சிந்தி விதவையின் வீட்டு மாடி. நாடு பிரிந்தபோது கராச்சியிலிருந்து வந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் கராச்சிக்காரம்மா. காற்றோட்டமான அறை, தனிக் குழாய். ஆனால் எத்தனை பேரைக் கூட்டிப்போனாலும் அன்பாக உட்காரவைப்பார், கேட்பார், கடைசியில் "யோசித்துச் சொல்கிறேன்" என்பார். சொல்லவே மாட்டார். மாணிக்கத்தையும் ஒரு தடவை கூட்டிப்போய் அதே பதிலோடு வந்திருந்தேன். "அந்தம்மாவுக்கு மனுசனையே பிடிக்காது" என்று சாகுல் பாய் தீர்ப்பெழுதிவிட்டார்.

வேறு வழியில்லை. குடும்பத்தோடு போய் நின்றோம். கராச்சிக்காரம்மா வழக்கம் போல உட்காரச் சொல்லி, வழக்கம் போல ஒரு தட்டில் சுட்ட அப்பளமும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். நானும் மாணிக்கமும் வழக்கம் போல, "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றோம். காலையிலிருந்து நாங்கள் சாப்பிடவில்லை. ஆனால் நம் வளர்ப்பு அப்படி. முதல் தடவை கொடுத்ததும் எடுத்தால் சோற்றுக்கு அலைகிறவன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் வற்புறுத்தி, அப்புறம் எடுப்பதுதான் மரியாதை. இந்த அம்மாள் மட்டும் எப்போதும் இரண்டாம் தடவை கேட்பதே இல்லை.

மா சேனுக்கு இந்த மரியாதை தெரியாது. இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு பணிவாகத் தட்டை வாங்கினாள். பாதி அப்பளத்தைக் குழந்தைக்குக் கொடுத்தாள், பாதியை அவள் தின்றாள். நொறுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏதோ சொன்னாள். மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். "என்ன சொல்கிறாள்?" என்றார் அந்த அம்மாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மாணிக்கம்தான் பொய் சொல்ல மாட்டாரே, ரங்கூன் தெருவில் பழகிய இந்தியில் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒண்ணு இருக்குமான்னு கேக்குறா."

போச்சு என்று எழுந்துவிட்டேன். கராச்சிக்காரம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் அடுக்காக அப்பளம், இன்னொரு கையில் சாவி.

மாணிக்கம் அப்போதும் விடவில்லை. "அம்மா, மீன் விழுது ஒண்ணு சமைப்பா, வாசனை கொஞ்சம் பலமா இருக்கும்..." என்று ஆரம்பித்தார். "எங்கள் சிந்து நதியில் என்ன, மல்லிகைப் பூவா நீந்துகிறது?" என்று அந்த அம்மாள் அவர் வாயை அடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் என்று சொல்ல முடியாது, வெகுநாள் மனத்தாங்கல். "கராச்சியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவன் எதிரியாக இருந்தாலும் அப்பளம் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவான். அந்த வீடு போயிற்று, தெரு போயிற்று. இது ஒன்றைத்தான் கொண்டுவந்தேன். நீ கூட்டிவந்த ஒவ்வொருத்தனும் அதை வேண்டாம் என்றான். என் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவனுக்கு நான் எப்படி என் வீட்டைக் கொடுப்பேன், பேட்டா?"

சாவி கைமாறிய பிறகு

மா சேன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். கராச்சிக்காரம்மா பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. மாணிக்கம் வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தாதரில் விட்டுவந்த தகரப் பெட்டியை எடுக்க, டியூட்டி மாறுவதற்குள் போக வேண்டும் என்று ரயிலுக்கு ஓடினார்.

நான் ஆபீசுக்கு வந்து நடந்ததையெல்லாம் சாகுல் பாயிடம் சொன்னேன். டீ ஆறிப்போகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடியே சொன்னார்: "அந்த வீட்டுக்குப் பத்து வருசமா போறேம்லே. போறப்பல்லாம் வச்சாங்க. வேண்டாம்மா, வேண்டாம்மான்னு நாந்தாம்லே உங்க எல்லாத்துக்கும் முதல்ல சொல்லிப் பழக்கினவன்."

சொல்லிவிட்டு மசூதிப் பக்கம் நடந்து போனார்.

பாலைவனத்தையும் யுத்தத்தையும் கடலையும் தாண்டி இந்த ஊருக்கு வந்து சேர்கிறவர்களைக் கடைசிக் கதவுக்கு முன்னால் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் எங்களைப் போன்ற தரகர்களின் நல்ல வளர்ப்புதான்.